தட்டு சாரும் மூக்கில்லாத தலையும்

வேற்றுக் கிரகத்துக்காரர்களுக்கு மூக்கு கிடையாது என்பதை உலகத்திலேயே முதன்முதலில் அடித்துச் சொன்னவர், சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்த தட்டு சார்தான். விஞ்ஞானிகள் யாராவது அவருக்கு முன்பே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் ‘இருக்கலாம்’, ‘கருதப்படுகிறது’ என்று இழுத்திருப்பார்கள். தட்டு சாரிடம் அந்த இழுவையெல்லாம் கிடையாது. “மூக்கு இல்ல சார். நான் பாத்தேன்லா,” என்பார். அத்தோடு முடிந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் அந்த ஊரில் ஒரு வங்கியில் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்துவிட்டு அடுத்தவர் நோட்டை எண்ணிக்கொண்டிருக்கிறோமே என்று உள்ளுக்குள் ஒரு கடுப்பு. அதை ஊரில் உள்ளவர்களைக் கிண்டல் செய்து தீர்த்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்டிடியூட் இருந்த அதே மாடியில்தான் என் அறையும். முன்கட்டில் டைப்ரைட்டர்கள், பின்கட்டில் சாரும் அவர் மனைவி கோமதி மதினியும், பக்கத்தில் நான். காலை ஆறு மணி பேட்ச் தட்ட ஆரம்பித்தால் என் கட்டிலே நகரும்.

தட்டு சார் என்று பெயர் வைத்தவன் நான்தான். தட்டச்சு சொல்லிக் கொடுப்பதால் ஒரு தட்டு, வானத்திலிருந்து வந்ததைப் பார்த்ததால் பறக்கும் தட்டு. ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிட்டேன் என்று எனக்குப் பெரிய பெருமை. திங்கட்கிழமை வங்கியில் மெதுவாக எடுத்துவிட்டேன். அந்த வாரம் முடிவதற்குள் சிவகிரியிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் கவுண்டரில் நின்று, “நீங்க தட்டு சாருக்குப் பக்கத்து ரூம்லதான இருக்கிய?” என்று என்னிடமே கேட்டார்.

சார் உண்மையில் ஊரிலேயே கண்டிப்பான மனிதர். ஒரு எழுத்துத் தவறினாலும் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். ஒரு மாணவன் விண்ணப்பத்தில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்பதில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டான் என்பதற்காக, ஆடித்தபசு அன்று ஊரே சப்பரம் பார்க்கப் போயிருந்தபோது அவனை உட்காரவைத்து முழுவதையும் அடிக்க வைத்தார். தானும் தபசு பார்க்கப் போகாமல் பக்கத்திலேயே நின்றார். இப்படிப்பட்டவர் ஒரு பொய் சொல்வாரா என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். யாரும் யோசிக்கவில்லை. எம்.ஏ. படித்தவனும் யோசிக்கவில்லை.

நடந்தது இதுதான். பனவடலிசத்திரத்தில் மதினியின் அண்ணன் வீட்டில் ஒரு காதுகுத்து. சைக்கிளில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறார்கள். சார் மிதிக்கிறார். மதினி பின்னால் கேரியரில், எல்லாப் பெண்களையும் போல ஒருபக்கமாக, இடதுபுறம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. பொழுது மசங்கும் நேரம். பருத்திக் காட்டை ஒட்டி, ரோட்டுக்கு வலதுபுறம், அது நின்றது.

“சின்னப்பிள்ளை உசரந்தான் சார். தலை மட்டும் பெருசு. கண்ணு ரெண்டும் நாவப்பழம் மாதிரி கருகருன்னு. மூக்கு இல்ல. என்னையத்தான் பாத்துச்சு.”

சார் நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ராஜபாளையம் பஸ்ஸே அன்று அவருக்கு வழிவிட்டதாக ஊரில் சொல்வார்கள். மழை வருகிறது போல, அதுதான் இப்படி மிதிக்கிறார் என்று மதினி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பேசாமல் வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் சார் வாயைத் திறந்தார்.

மதினி கேட்டார்: “அங்கனயே சொல்லியிருந்தா நானும் திரும்பிப் பாத்திருப்பேன்லா?”

அதற்குப் பிறகு யார் வந்து விசாரித்தாலும் மதினியிடம் ஒரே பதில்தான். “நான் இடப்பக்கம் பாத்து உக்காந்திருந்தேன். வலப்பக்கம் என்ன நின்னுச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?” பொய் என்று சொல்ல மாட்டார். உண்டு என்றும் சொல்ல மாட்டார். எந்தக் கோர்ட்டிலும் இவ்வளவு நாணயமான சாட்சி கிடைக்காது. அந்த நாணயம்தான் சாரைக் கொன்றுகொண்டிருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் சார் கிளாஸை வாயில் வைத்த உடனே யாராவது ஆரம்பிப்பார்கள்.

“என்ன சார், உங்க ஆளு டைப்பிங் பரீட்சையில லோயரா, ஹையரா?”

“மூக்கில்லைன்னா சளி பிடிச்சா என்ன சார் செய்யும்?”

“ஏலே, சும்மா கெட. அதுக்குச் சளி காது வழியா வரும். சாரு பாத்திருக்காரு.”

சிரிப்பில் என் குரல்தான் தனியாகக் கேட்கும். சார் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். இரண்டு மூன்று அப்பாக்கள் தங்கள் பெண்களை இன்ஸ்டிடியூட்டிலிருந்து நிறுத்தினார்கள். அதற்குக்கூட அவர் கலங்கவில்லை.

“ஊர் நம்பாண்டாம் சார்,” என்றார் ஒருநாள் என்னிடம். “இவ ஒருத்தி மனசார ‘இருக்கும்’னு ஒரு சொல்லு சொன்னா எனக்குப் போதும். கூடவே வந்தவ. ஆனா எப்பிடிச் சொல்லுவா? அவ பாக்கலையே. பாக்க வைக்கணும்.”

முதலில் டைப்ரைட்டரிலேயே முயன்றார். ஒரே எழுத்தை நெருக்கி நெருக்கி அடித்து ஒரு முகத்தைக் கொண்டுவந்தார். மதினி தாளை வாங்கிப் பார்த்து, “பூசணிக்காயா?” என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மதினியின் தம்பி லீவில் வந்தார். தூத்துக்குடிக்காரர்களோடு சேர்ந்து கப்பலில் சமையல்காரராகப் போனவர். சோப்பு, பிஸ்கட் டின், கூடவே ஜெர்மனித் துறைமுகத்தில் வாங்கிய ஒரு பெட்டி. உள்ளே வண்ண வண்ணமாகச் சின்னச் சின்னக் கட்டிகள், பளபளத் தாளில் சுற்றி. மதினி ஒரு பச்சைக் கட்டியை நறுக்கித் தட்டில் வைத்து எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். நான் மென்றேன். பல்லில் ஒட்டியது. வெளிநாட்டுப் பண்டம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று, “நல்லா இருக்கு மதினி, கொஞ்சம் இனிப்புக் குறைச்சல்,” என்றேன்.

தம்பி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். “யக்கா, என்ன செய்த? அது திங்கிறது இல்ல. மண்ணு. வேணுங்கிற மாதிரி பிசைஞ்சு அடுப்புல வச்சு வேகவச்சா கல்லு மாதிரி ஆயிரும்.”

கோயில் புற்று மண்ணை மருந்தென்று வாங்கிப்போக ஊர் ஊராக ஜனங்கள் வருகிற இடம் எங்கள் ஊர். மதினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நம்மூருக்கே மண்ணைக் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்திருக்கான் பாருங்க,” என்றார். சார் சிரிக்கவில்லை. கட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஆரம்பித்துவிட்டார். அதுவரை அவர் ஒரு களிமண் பிள்ளையார்கூடப் பிடித்ததில்லை. கருப்பைக் கண்ணுக்கென்று ஒதுக்கிவிட்டு, மற்ற நிறங்களையெல்லாம் சேர்த்துப் பிசைந்து ஒருவிதச் சாம்பல் நிறம் கொண்டுவந்தார். முழுத்தலைக்கு மண் போதாது என்று தெரிந்தது. உள்ளே ஈயத்தாளைக் கசக்கி உருட்டி வைத்து, மேலே மண்ணைப் பூசலாம் என்று முடிவெடுத்தார். ஈயத்தாள் சிகரெட் பெட்டிக்குள்தானே இருக்கும்? வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடிக்காதவர், பஸ் ஸ்டாண்டில் சிகரெட் பிடிப்பவர்களுக்குப் பின்னால் பொறுமையாக நின்றார். “முடிஞ்சதும் பெட்டியக் குடுத்துருங்க அண்ணாச்சி. அவசரமில்ல, மெதுவாப் பிடிங்க.”

கருவியெல்லாம் இன்ஸ்டிடியூட் கருவிகள்தான். எழுத்து அழுக்கெடுக்கும் ஊசி, பிரஷ், ரிப்பன் சுற்றிய பழைய சக்கரம். காலை பேட்ச் வருவதற்கு முன் உட்கார்வார், வெயில் ஏறுவதற்குள் எழுந்துவிடுவார். ஏறினால் எங்கள் ஊர்ச் சூட்டில் மண் குழைந்துவிடும். ஒருநாள் கொஞ்சம் அசந்துவிட்டார். தலையின் தாடை இறங்கி மேஜையைத் தொட்டுவிட்டது. அதிலிருந்து தலைக்குத் தண்ணீர்ப் பானை அடியில், ஈர மணலுக்குப் பக்கத்தில்தான் ஜாகை.

முதல் தலை அப்படியே எங்கள் வங்கி மேனேஜர். நான் கதவைத் திறந்தவன் பழக்கதோஷத்தில் ‘குட்மார்னிங் சார்’ என்றுவிட்டேன். அடுத்த தலையில் எல்லாம் சரியாக வந்து, கடைசியில் பார்த்தால் நடுவில் மூக்கு.

“இது எப்பிடி சார் வந்துச்சு?” என்றேன்.

“கைப்பழக்கம் சார். மொகம்னா கை தானாப் போயி மூக்கக் கிள்ளிருது. நம்ம கை நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்கு.”

மூக்கை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு வழித்துவிடலாமே என்றேன். அவர் என்னை ஒரு மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முழுத் தலையையும் அமுக்கி உருண்டையாக்கி முதலிலிருந்து ஆரம்பித்தார். எத்தனை தடவை அப்படி அமுக்கினார் என்று எனக்குக் கணக்கில்லை. ஊர்க்காரர்கள் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்ப்பார்கள், ஏதாவது சொல்வார்கள். அவர் காதில் விழாது. ஆறு விரல் அளவு மண்ணுக்கு முன்னால் அந்த மனிதர் பரீட்சை எழுதுகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

தோலுக்குத்தான் ஒரு யோசனை செய்தார் பாருங்கள். அதற்குத் தோல் வழவழப்பாக இல்லையாம், புள்ளி புள்ளியாக இருந்ததாம். ஓடாமல் கிடந்த ஒரு மெஷினிலிருந்து முற்றுப்புள்ளி எழுத்தை மட்டும் கழற்றி, தலை முழுவதும் குத்தினார். பிடரியில் எங்கேயோ அச்சு இழுபட்டு ஒரு புள்ளி கமாவாகிவிட்டது. காலை பேட்ச் பெண் ஒருத்தி அதைக் கண்டுபிடித்து, “சார், இங்கன தப்பு,” என்றாள். சார் ஒரு பெருமூச்சு விட்டார். மறுபடி அமுக்கினார்.

இவ்வளவும் நடக்கும்போது மதினி காபி கொண்டுவந்து வைப்பார். தலைப்பக்கம் பார்வையைத் திருப்ப மாட்டார். நான் ஒருநாள் கேட்டேன்.

“முடியட்டும் தம்பி. முடிஞ்சப்புறம் பாக்கேன். பாதியில பாத்தா பாதியத்தான நம்ப முடியும்?”

கடைசியில் முடிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும்: அதைப் பார்த்ததும் எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. சின்னத் தேங்காய் அளவுதான். நெற்றி அகலம், கீழே வரவர ஒடுங்கியது. கண்கள் கருப்பாக, பெரிதாக. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, ஆனால் ஏதோ குறைகிறது என்றும் தோன்றவில்லை. அது நம்மைப் பார்த்தது.

இனி வேகவைக்க வேண்டும்; வெந்து வந்தால்தான் முடிந்ததாகக் கணக்கு என்று மதினி அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை சூடு என்று பெட்டியில் ஜெர்மன் மொழியில் ஒரு வரி. தம்பி கப்பலுக்குத் திரும்பிவிட்டார். சார் பெட்டியை என்னிடம் நீட்டினார். “நீங்க படிச்சவுக. உங்களுக்குத் தெரியாததா?”

சென்னையில் நடைபாதைக் கடையில் ஒரு ஜெர்மன் புத்தகம் வாங்கியிருந்தேன். வணக்கம், நன்றி வரைக்கும் போய் நிறுத்திவிட்டேன். ஆனால் எனக்கு ஜெர்மன் வரும் என்று வங்கியில் சொல்லி வைத்திருந்தேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வரி இப்படி இருந்தது: ‘நிஷ்ட் ஊபர் 130’. ஊபர் என்றால் மேலே. அது எனக்குத் தெரியும், ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் வருகிறது. முன்னால் நின்ற சின்னச் சொல்லை ஏதோ மரியாதைச் சொல் என்று தாண்டிவிட்டேன்.

“நூத்தி முப்பதுக்கு மேல சூடு இருக்கணும் சார்,” என்றேன்.

அந்தச் சின்னச் சொல்லுக்கு ‘இல்லை’ என்று அர்த்தம். நூற்று முப்பதைத் தாண்டக் கூடாது என்றுதான் அவர்கள் எழுதியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டிக்கடை பாயிடம் போனோம். பாய் துண்டை விலக்கித் தலையைப் பார்த்துவிட்டு மூடினார்.

“சார், எங்க அடுப்புல பன்னு வேகும், ரஸ்க் வேகும். இதை வச்சா நாளைக்கு எவன் பன்னு திம்பான்?”

“ஓரமா வைங்க பாய். ஒரே ஒருவாட்டி.”

பாய்க்குச் சாரின் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. என் பக்கம் திரும்பினார். “எம்புட்டுச் சூடு வேணும்?”

“நூத்தி முப்பதுக்கு மேல.”

“மேலன்னா எம்புட்டு மேல?”

“நல்லா மேல,” என்றேன்.

பாய் இன்னும் இரண்டு விறகைத் தள்ளினார். பன்களின் பக்கத்தில் ஒரு தகரத் தட்டில் அந்தத் தலை உள்ளே போனது. நாங்கள் வெளியே நின்றோம். முதலில் மெழுகு வாடை. பிறகு டயர் எரிகிற வாடை. பிறகு கறுப்புப் புகை. தெரு முழுவதும் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டது. பாய் இருமிக்கொண்டே நீளக் கட்டையால் தட்டை வெளியே இழுத்தார்.

தலை கருகி, கொப்புளம் கொப்புளமாக வெடித்து, ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியிருந்தது. நெற்றி இரண்டாகப் பிளந்து உள்ளே ஈயத்தாள் தெரிந்தது. சார் அத்தனை நாள் தவிர்த்துவந்த இடத்தில், மண் உப்பி, நல்ல எடுப்பான மூக்கு ஒன்று.

சிரிக்காமல் இருந்தவர்கள் பாயும் சாரும் மட்டும்தான். பாய் கருகிய பன்னை ஒரு நாய்க்குப் போட்டார். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு கொத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “சார், இதை எனக்குத் தந்துருங்க. ராயகிரில ஒரு வீடு கட்டுதோம். முன்னால தொங்கவிட்டா திருஷ்டி அண்டாது.”

 சார் தன் துண்டிலேயே அதைப் பொதிந்து எடுத்துக்கொண்டார். சூடு கையைச் சுட்டிருக்க வேண்டும். தெருமுனையில் என்னிடம் சொன்னார்:

“என் கைதான் சார். உள்ள எங்கயோ காத்து நின்னுபோச்சு. நான் சரியா அழுத்தல.”

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. அந்தச் சின்னச் சொல் என் மண்டைக்குள் நின்று முறைத்துக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா?

“இருக்கும் சார்,” என்றேன்.

மதினியிடமிருந்து வராதா என்று அவர் ஏங்கிய அதே சொல்லை அவருக்கு நான்தான் கொடுத்தேன். இந்த இடத்தில் கொடுத்தேன்.

அறைக்குப் போய் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பின்பக்கத்துச் சொல்பட்டியலில் இருந்தது. கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று எழுந்து பின்கட்டுக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது.

கருகிய தலை துண்டில் சுற்றியபடி மூலையில் கிடந்தது. சார் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மதினி சப்பாத்திக்கு மைதா பிசைந்துகொண்டிருந்தார்.

“அது இப்பிடியா இருந்துச்சு?” என்று மூலையைக் காட்டிக் கேட்டார்.

“இல்ல. அதை நீ பாக்காத. எல்லாம் போச்சு.”

மதினி கொஞ்ச நேரம் மாவைப் பிசைந்தார். பிறகு ஒரு பெரிய உருண்டையாக எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். “சொல்லுங்க. நெத்தி எம்புட்டு?”

சார் நிமிர்ந்து பார்த்தார்.

“சொன்னாத்தான தெரியும்? நான் அந்தப் பக்கம் பாக்கல. நீங்கதான பாத்திய.”

“இன்னும் அகலம்,” என்றார் சார். “கீழ வரவர ஒடுங்கணும்... அம்புட்டு இல்ல. ஆங். கண்ணு இன்னும் தள்ளி.”

“கழுத்து இருந்துச்சா?”

“மெலிசா.”

மதினி மாவை இழுத்துக் கழுத்தை மெலிதாக்கினார். மாவு பிசைந்து பழகிய கை. மூக்கைக் கிள்ளவே இல்லை. சாரின் குரல் மெல்ல மெல்ல டிக்டேஷன் கொடுக்கிற குரலாக மாறியது. மதினி கேட்டார், “பயந்துட்டியளா?”

 “ஆமா,” என்றார் சார். “உன்னைய வேற ஏத்திக்கிட்டு வாரேன். நிப்பாட்டினா நீ எறங்கிப் பாப்பே. அதான் மிதிச்சேன்.”

மதினியின் கை ஒரு கணம் நின்றது. இரண்டு நாவல் கொட்டை அளவுக்குக் குழி வைத்துவிட்டு, அந்த முகத்தைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அந்த நேரத்துல அங்கன தனியாவா நின்னுச்சு?” என்றார். “பாவம்.”

சார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டேன். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் திரும்பினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம்.

மைதாத் தலை காய்ந்து, வெடித்து, அப்படியும் ரொம்ப நாள் இன்ஸ்டிடியூட் மேஜையில் இருந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகள், “இது என்ன சார்?” என்று கேட்பார்கள். பழைய சாராக இருந்தால் பருத்திக் காட்டிலிருந்து ஆரம்பித்திருப்பார். இப்போது, “எங்க வீட்ல செஞ்சது,” என்பார்.  டீக்கடைக்காரர்களும் கொஞ்ச நாளில் ஓய்ந்துபோனார்கள். கேட்டால் கோபப்படாத மனிதரை எத்தனை நாள் கேட்பது?

எனக்கு மாற்றல் வந்தபோது இருவரும் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தார்கள். மதினி புளியோதரைப் பொட்டலம் கொடுத்தார். சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அந்த ஜெர்மன் பாஷைய மட்டும் விட்டுறாதீங்க சார். உங்களுக்கு நல்லா வருது,” என்றார். கேலியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் அதெல்லாம் ஒருநாளும் இருந்ததில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார் என்று அதையும் ஒரு சாக்காக எடுத்துக்கொண்டேன்.

சார் காலமாகிச் சில வருஷமாகிறது. கேள்விப்பட்டும் நான் போகவில்லை. பருத்திக் காட்டில் நின்றது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. அடுப்புக்குள் நடந்தது மட்டும் எனக்குத் தெரியும்.

சார், உள்ளே காற்று எதுவும் நிற்கவில்லை. நீங்கள் நன்றாகத்தான் அழுத்தியிருந்தீர்கள்.